பின்னால் போகும் முள்

அத்தியாயம் 11

"நானும் வர்றேன்" என்று அப்பா சொல்லி ஆறு நாட்கள் ஆகிவிட்டன. அந்தச் சொல் இன்னும் வீட்டுக்குள் உட்கார இடம் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தது.

முப்பத்தாறு வருடங்களாக அவர் பார்க்க மறுத்து வந்த படம் அது. திரைப்படச் சங்கத்தார் இன்று மதியம் பெரிய திரையில் அதைத் திரும்பப் போடுகிறார்கள். படம் முடிந்ததும், அதில் வேலை பார்த்தவள் என்று அம்மா மேடையேறிப் பேச வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை யாராவது இப்படிக் கூப்பிடுவார்கள். அம்மா போய்விட்டு வருவாள். அப்பாவுக்கு அன்றைக்கென்று பார்த்து எங்கேயோ ஒரு கார் நசுங்கியிருக்கும்; காப்பீட்டுக் கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடப் போய்விடுவார்.

போன திங்கட்கிழமை அழைப்புக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, வழக்கம்போல எதுவும் கேட்காமல் அம்மா திரும்பினாள். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலேயே அதைச் சொன்னார். அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிடவில்லை. ஆனால் அந்தத் தட்டை ஒரே இடத்தில் ரொம்ப நேரம் துடைத்தாள்.

அன்றிலிருந்து சின்னவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை.

அவள் லிஃப்ட் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். கதவுக்கு மேலே சிவப்பில் மாடி எண் ஓடுமே, அந்தச் சின்னத் திரைக்கு நிரல் எழுதுவதுதான் அவள் பிழைப்பு. அப்பாவுக்குப் பரிசாக ஒரு கைக்கடிகாரம் வாங்கியிருந்தாள். முள்ளும் எண்ணும் எல்லாமே திரையில் தெரிகிற படம்தான். நமக்கு வேண்டிய முகப்பை நாமே வரைந்து, நிரல் எழுதி, போன் வழியாக உள்ளே ஏற்றிக்கொள்ளலாம். அந்தப் படத்தில் வருகிற சுவர்க் கடிகாரத்தை அச்சு அசலாக அதில் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அப்பா அதைக் கட்டிக்கொண்டு அரங்கத்துக்குள் நுழைய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கும் அது முடிந்தபாடில்லை.

பின்னணி சரியாக வந்துவிட்டது. பழுத்த வெள்ளைத் தட்டு, தடித்த கறுப்பு எண்கள், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல். மரச்சட்டத்தின் பழுப்புதான் பிடிகொடுக்கவில்லை. அந்தத் திரைக்குத் தெரிந்ததே அறுபத்து நாலு நிறங்கள். அதில் நல்ல பழுப்பு ஒன்றுகூட இல்லை. ஆரஞ்சும் கறுப்புமாகப் புள்ளி புள்ளியாக இட்டு, கண்ணை ஏமாற்ற வேண்டியிருந்தது. முள் சுழலும் மையம் ஒரே ஒரு புள்ளி தள்ளிப்போயிருந்ததில் நிமிட முள் நொண்டியடித்தது. உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

அண்ணன் வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பத்து வருடமாகக் கற்றுக்கொடுக்கிறவன். தங்கையை அவன் 'லிஃப்ட்' என்றுதான் கூப்பிடுவான்.

"என்ன லிஃப்ட், எந்த மாடியில நிக்குது?"

"பேசாம இருண்ணா."

"அந்த விஷயத்தையும் உள்ள வெச்சிருக்கியா?"

வைத்திருந்தாள். அந்த முகப்பின் உயிரே அதில்தான் இருந்தது.

படத்தின் பெயர் பெற்ற காட்சி அது. படகுத்துறையின் காத்திருப்பு அறையில் ஒருத்தி பெட்டியோடு தனியாக உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருப்பாள். வசனமே கிடையாது. தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம் நாலு பத்து காட்டும். அடுத்து, ஜன்னல் பக்கம் பார்த்து அவள் சிரிக்கும்போது நாலு இருபத்திரண்டு. அதற்கடுத்து அவள் அழுகிறபோது, நாலு பதினைந்து. பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுகையில் நாலு முப்பத்தொன்று. சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் காலம் ஏழு நிமிடம் பின்னால் போய்விடும்.

அந்தக் கடிகாரம் ஓடுகிற கடிகாரம் இல்லை; படப்பிடிப்புக்கான வெறும் கூடு. ஒவ்வொரு துண்டை எடுப்பதற்கு முன்பும் முள்ளைக் கையால் நகர்த்தி வைக்க வேண்டும். நகர்த்தி வைக்கிற வேலை அப்பாவுடையது. முன் காட்சியில் சட்டையில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது, குவளையில் எவ்வளவு தேநீர் இருந்தது என்று நோட்டில் எழுதிவைத்துத் தொடர்ச்சி பார்க்கும் உதவியாளராக அவர் அப்போது இருந்தார். படம் வந்த பிறகு பத்திரிகைகள் சிரித்தன. 'ஏழு நிமிஷம்' என்றே தொழிலில் அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது. அதன்பின் எந்தப் படத்துக்கும் அவரை யாரும் கூப்பிடவில்லை.

அதனால் அந்த வீட்டில் ஏழு நிமிடம் என்ற ஒன்றே கிடையாது. ஐந்து நிமிடத்தில் வருவார்கள், பத்து நிமிடத்தில் கிளம்புவார்கள். முட்டை ஆறு நிமிடம் வேகும். கவனிக்காமல் விட்டால் எட்டு.

சின்னவள் அதைத்தான் உடைக்க நினைத்தாள். அவள் செய்த முகப்பில் தினமும் மாலை நாலு இருபத்திரண்டுக்கு நிமிட முள் சட்டென்று பின்னால் துள்ளி நாலு பதினைந்தில் நிற்கும். பிறகு கொஞ்சம் வேகமாக ஓடி, நாலு முப்பத்தொன்றுக்குள் உண்மையான நேரத்தைப் பிடித்துவிடும். ஒன்பது நிமிட விளையாட்டு. அப்பா அதைப் பார்ப்பார், சிரிப்பார். அவர் ஒரு தடவை சிரித்துவிட்டால் அந்த எண் வீட்டுக்குள் காலெடுத்து வைத்துவிடும்.

சிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் ஆறு நாட்களாக அவள் யோசிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தாள்.

கணினியில் மாதிரிக் கடிகாரம் ஒன்றை ஓடவிட்டு நேரத்தை நாலு இருபத்தொன்றுக்கு வைத்தாள். முள் நகர்ந்தது, இருபத்திரண்டைத் தொட்டது, பின்னால் குதித்தது. அண்ணன் சீட்டியடித்தான்.

"அதை எடுத்துடு."

அம்மாவின் குரல். எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. மதியத்துக்கான துணியைக் கையில் மடித்துப் பிடித்திருந்தாள்.

சும்மா ஒரு தமாஷுக்குத்தான் என்று சின்னவள் இழுத்தாள். அம்மா திரையைப் பார்க்கவில்லை. "எடுத்துடுன்னு சொன்னேன்" என்றாள் மறுபடியும், குரலை உயர்த்தாமல். போய்விட்டாள். சற்று நேரத்தில் பக்கத்து அறையில் இஸ்திரிப் பெட்டி மேசையில் மோதுகிற சத்தம் கேட்டது.

அண்ணன் வண்டியைத் துடைக்கப் போவதாகச் சொல்லி நழுவிக்கொண்டான். வீட்டில் எங்கே காற்று கனத்தாலும் முதலில் வெளியேறுகிறவன் அவன்தான்.

சின்னவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மா அதட்டுகிறவள் இல்லை. இருபது வருடங்கள் தொலைக்காட்சித் தொடர்களை வெட்டி ஒட்டியவள். வேண்டாததை வேண்டாம் என்று சொல்ல மாட்டாள், சத்தமில்லாமல் எடுத்துவிடுவாள். அவள் இரண்டு தடவை சொன்னது சின்னவளின் காதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

எடுத்துவிடலாம். இரண்டு வரியை அழித்தால் போதும். அதற்கு முன்னால் முள்ளின் கோணம் சரிதானா என்று கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, படத்திலிருந்து எடுத்துவைத்திருந்த நான்கு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கடிகாரத்தை அளப்பதற்காக இத்தனை நாளும் அவற்றின் மேல் பாதியை மட்டும் வெட்டி வைத்திருந்தாள். இப்போதுதான் முழுப் படத்தையும் திறந்தாள்.

பெஞ்சின் மேல் ஆரஞ்சுத் தோல் கிடந்தது.

முதல் படத்தில் ஒரு துண்டு. சிரிக்கிற படத்தில் ஐந்து. அழுகிற படத்தில் மூன்று. எழுந்து நிற்கிற படத்தில் எட்டு.

அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். இன்னும் பெரிதாக்கினாள். அந்தப் பெண்ணின் முழங்கை பாதியை மறைத்திருந்தது. சாதாரணமாகப் படம் பார்க்கிற யாருக்கும் தெரியாது. ஆனால் எண்ணினால் எண்ணலாம். ஒன்று, ஐந்து, மூன்று, எட்டு. பத்து, இருபத்திரண்டு, பதினைந்து, முப்பத்தொன்று.

நான்காவது தடவை எண்ணியபோது அவளுடைய கை தானாகப் போய் இரண்டாவது படத்தையும் மூன்றாவது படத்தையும் இடம் மாற்றி வைத்தது.

இப்போது எல்லாம் ஒழுங்காக இருந்தது. தோல் கூடிக்கொண்டே போனது. முள் முன்னாலேயே போனது. அந்தப் பெண் முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள், எழுந்தாள்.

தோலை எண்ணி வைத்ததும் அப்பாதான். முள்ளை நகர்த்தி வைத்ததும் அப்பாதான். முள்ளை மறந்த மனிதர் தோலையும் அதே கணக்கில் மறந்திருக்க முடியுமா. மறதி இவ்வளவு ஒழுங்காக இருக்குமா.

அவர் எதையும் மறக்கவில்லை. கடிகாரம் சரியாகத்தான் இருந்தது. துண்டுகளைத்தான் யாரோ மாற்றி ஒட்டியிருக்கிறார்கள்.

யாரோ. சின்னவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். தலைமை எடிட்டர் அந்த வாரம் முழுக்கக் காய்ச்சலில் படுத்திருந்தார் என்பதும், அந்தக் காட்சியை அவருடைய உதவியாளரே தனியாக உட்கார்ந்து வெட்டினார் என்பதும் ஊரறிந்த கதை. ஒவ்வொரு மேடையிலும் அதைச் சொல்லித்தான் அம்மாவை அறிமுகப்படுத்துவார்கள்.

அடுத்த அறையில் அம்மா மடிப்பின் மேல் மடிப்பாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சின்னவள் வாசலில் நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று வாயை மென்றாள். கடைசியில், "அந்த ஆரஞ்சுத் தோலை எண்ணினேம்மா" என்று மட்டும் சொன்னாள்.

இஸ்திரிப் பெட்டி நின்றது. அம்மா அதை நிமிர்த்தி வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே அண்ணன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்பா பின்சக்கரத்தின் பக்கம் குனிந்து எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். எந்த வண்டியைப் பார்த்தாலும் அவருக்கு முதலில் அடிபட்ட இடம்தான் கண்ணில் படும்.

அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் முகத்தைத்தான் பாத்தேன்" என்றாள் அம்மா. "அழுதுட்டுச் சிரிச்சா அது சாதாரணப் பொண்ணு. சிரிச்சுட்டு அழுதா பாரு, அப்பதான் அவ போகப் போறது நெஜம். மாத்தி ஒட்டினேன். சுவரைப் பாக்கவே இல்ல."

எப்போது தெரிந்தது என்று சின்னவள் கேட்டாள்.

பத்திரிகையில் வந்தபோதுதான் என்றாள் அம்மா. சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு நாள் தவித்தாளாம். மூன்றாம் நாள் எடிட்டிங் அறை வாசலில் அப்பா வந்து நின்றாராம். அதற்கு முன் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னுடைய கடிகாரத்தால் உங்கள் காட்சி கெட்டுப்போனது, மன்னித்துவிடுங்கள் என்றாராம்.

"அவர் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டார்" என்றாள் அம்மா. "நான் வாயத் தொறக்கல. தொறந்திருந்தா எனக்கு வேல போயிருக்கும். போகட்டும்னு தொறந்திருக்கணும்."

"அப்புறம்?"

"அப்புறம் தெனமும் வந்தார்."

அம்மா துணியை எடுத்து உதறி, மறுபடி மேசையில் விரித்தாள். ஏற்கெனவே இஸ்திரி போட்ட பக்கம்தான் அது.

"அப்பாவுக்குத் தெரியாதா?"

"தன் கண்ணு ஏமாத்திடுச்சுன்னு நம்பித்தானே அந்தத் தொழிலையே விட்டார். தெரிஞ்சிருந்தா என்னோட ஒரு நாள் இருந்திருப்பாரா." அம்மாவின் குரல் உடையவில்லை, தேய்ந்தது. "ஒவ்வொரு மேடையிலயும் எவனாவது ஒருத்தன் அந்தக் கடிகாரத்தப் பத்திக் கேக்கறான். ஒவ்வொரு தடவையும் சிரிச்சு மழுப்பிட்டு வந்துடறேன். இன்னைக்கு அவர் எதிர்ல உக்காந்திருப்பார். மழுப்ப முடியுமான்னு தெரியல."

சொல்லப்போகிறாயா என்று சின்னவள் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

திரும்பி வந்து அந்த இரண்டு வரிகளை அழித்தாள். முள் இனிமேல் முன்னால் மட்டும் போகும். முதலில் செய்ததற்கு 'கடைசி' என்று பெயர் வைத்திருந்தாள். இதற்குக் 'கடைசி இரண்டு' என்று வைத்தாள். பழுப்பை இன்னும் கொஞ்சம் திருத்துவதற்குள் மதியமாகி, வெளியே ஹாரன் அடித்தது. அவசரமாகப் போனுக்கு அனுப்பினாள். போனில் திறந்து பார்த்தால், முன்பே அனுப்பியிருந்ததும் இதுவுமாக ஒரே மாதிரி இரண்டு வட்டப் படங்கள், கீழே ஒரே பெயர். கோப்பின் பெயரை மாற்றியவள், உள்ளே முகப்பின் பெயரை மாற்ற மறந்திருந்தாள்.

மேலே இருப்பது புதியதா, கீழே இருப்பதா. ஹாரன் மறுபடி அடித்தது. மேலே இருந்ததைத் தொட்டாள். கடிகாரத்தில் ஏறிக்கொண்டது.

லிஃப்டில் இப்படிச் செய்திருந்தால் நான்காம் மாடியில் ஏறினவர்கள் ஏழில் இறங்கியிருப்பார்கள்.

வண்டியில் அப்பாவும் அவளும் பின்னால் உட்கார்ந்தார்கள். முன்னால் அண்ணனுக்குப் பக்கத்தில் அம்மா. பயிற்சி வண்டியில் அவன் உட்காரும் இடப்பக்க இருக்கைக்குக் கீழே தனி பிரேக் உண்டு. சொந்த வண்டியிலும் யாராவது குறுக்கே வந்தால் இல்லாத அந்த பிரேக்கை அவனுடைய இடது கால் தேடும். அதைச் சொல்லி வழக்கமாக எல்லோரும் சிரிப்பார்கள். இன்று அவன் இரண்டு தடவை தேடியும் யாரும் சிரிக்கவில்லை.

சின்னவள் பெட்டியைத் திறந்து கடிகாரத்தை அப்பாவின் மணிக்கட்டில் கட்டினாள். அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். விபத்து வண்டியைப் பார்க்கிற அதே பார்வை. ஓரத்திலிருந்து தொடங்கி மையத்துக்கு வருகிற பார்வை.

"கீறலக்கூட விடல" என்றார்.

"சரியான எடம்தானாப்பா?"

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல. சரிதான். நான்தான் கை தவறிக் கீழ போட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அது மட்டும் என் தப்புதான்" என்றார்.

முன் இருக்கையில் அம்மாவின் பின்னந்தலை அசையவில்லை. சின்னவள் அந்த வாக்கியத்தை வழி முழுக்கத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். அது மட்டும். அது மட்டும் என்றால்.

அரங்கம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. அம்மாவைச் சங்கத்தார் முதல் வரிசையில் தங்களோடு உட்காரவைத்துக்கொண்டார்கள். இரண்டேகாலுக்குப் படம் தொடங்கியது. அப்பா நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வேண்டுமானால் எழுந்து போய்விடலாம் என்றுதான் இருக்கும் என்று சின்னவள் நினைத்தாள். அவர் எழுந்து போகவில்லை. முள்ளைப் பற்றிய நினைப்பில் அவளுக்குத்தான் படம் ஓடவே இல்லை. இருட்டில் அவருடைய மணிக்கட்டில் அந்தச் சின்ன வட்டம் மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. புதியதா, பழையதா. கழற்றிக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது.

காத்திருப்பு அறை வந்தது. அந்தப் பெண் சிரித்தாள். பிறகு அழுதாள். அரங்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் வரிசை வரிசையாகக் கேட்டது. பின்னாலிருந்து ஒரு இளைஞன் "இப்ப பாரு, கடிகாரம்" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

நாலு ஐந்துக்கு விளக்கு போட்டார்கள். அம்மாவை மேடைக்கு அழைத்தார்கள். மேடையில் இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்ப் பாட்டில். சங்கத்துச் செயலாளர் தன் கண்ணாடியைத் தேடி, கண்டுபிடித்து, அம்மாவை அறிமுகப்படுத்தவே பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். தலைமை எடிட்டர், காய்ச்சல், தனியாக வெட்டிய உதவியாளர். கைதட்டினார்கள். முதல் இரண்டு கேள்விகளுக்கும் அம்மா வழக்கம்போல் பதில் சொன்னாள்.

சின்னவள் அப்பாவின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு இருபது. நாலு இருபத்தொன்று.

பின்னால் இருந்த இளைஞன் எழுந்தான். ஒலிவாங்கி அவன் கைக்குப் போனது. மரியாதையாகத்தான் கேட்டான், உலகத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி அது, ஆனால் அந்தக் கடிகாரம் ஏன் பின்னால் போகிறது, வெட்டும்போது உங்களுக்கு அது தெரியவில்லையா என்றான். அங்கங்கே சிரித்தார்கள்.

அம்மா ஒலிவாங்கியை மடியில் இறக்கி வைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில், அப்பாவின் மணிக்கட்டில், நிமிட முள் இருபத்திரண்டைத் தொட்டது. சட்டென்று பின்னால் துள்ளிப் பதினைந்தில் நின்றது.

அப்பா பார்த்துவிட்டார். கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க அவள் வாயைத் திறப்பதற்குள் அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"நல்லா பண்ணியிருக்க" என்று அவள் காதருகே சொன்னார். "ஆனா நான் வெச்சது இந்த வரிசையில இல்ல."

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு..."

"படம் வெளிவர்றதுக்கு முன்னாடி எங்களுக்குப் போட்டுக் காட்டினப்பவே தெரியும். எழுதி வெச்ச நோட்டு என் மடியிலதான இருந்துச்சு."

மேடையில் ஒலிவாங்கி இன்னும் அம்மாவின் மடியிலேயே இருந்தது. செயலாளர் தண்ணீர்ப் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

அப்பா மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல், மெல்லிய குரலில், அவசர அவசரமாகச் சொன்னார். அன்றைக்குப் பக்கத்து இருக்கையில் தயாரிப்பாளர் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாராம். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகு, கடிகாரம் ஏன் பின்னால் போகிறது என்று கேட்டாராம். துண்டை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள் என்று சொன்னால், பழையபடி ஒட்டச் சொல்லியிருப்பார்கள். அந்தக் காட்சி அன்றைக்கே செத்திருக்கும். முள்ளை நகர்த்த நான்தான் மறந்துவிட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டாராம்.

"அம்மாவுக்காகவா?"

"உங்கம்மா யாருன்னே அப்பத் தெரியாது. படம் வெளிவந்தும் அந்த வெட்டு மனசவிட்டுப் போகல. இப்படி வெட்டினது யாருன்னு பாக்கணும்னு போனேன். வாசல்ல போய் நின்னுட்டேன். ஏதாவது பேசணுமே. வேற எதுவும் தோணல, மன்னிச்சிடுங்கன்னுட்டேன்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமேப்பா."

"எப்படித் திருப்பி எடுக்கறது? ஒரு வாரம் போச்சு. ஒரு வருஷம் போச்சு. கல்யாணம் ஆச்சு. உங்கண்ணன் பொறந்தான்." அவர் கடிகாரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். "அவளா எப்பவாவது சொல்லுவான்னு பாத்தேன். சொல்லல. சொல்லாட்டி என்னன்னு இருந்துட்டேன். இப்ப வயசாச்சு. இந்தப் படத்த அவ பக்கத்துல உக்காந்து ஒரு தடவ பாத்துடணும்னு வந்தா, அவள முன்வரிசைல உக்கார வெச்சுட்டானுங்க."

அம்மா ஒலிவாங்கியை எடுத்தாள். அரங்கம் அடங்கியது.

"அந்தக் கடிகாரம்" என்றாள். நிறுத்தினாள். "அந்தக் கடிகாரம் தப்பாப் போகல."

அப்பாவின் கை சின்னவளின் கையைத் தேடிப் பிடித்தது.

"சொல்லிடப் போறா" என்றார். "இப்பத்தான் கேக்கற மாதிரி நான் மூஞ்சிய வெச்சுக்கணும். எனக்கு நடிக்க வராதே, பாப்பா."

மேடையில் அம்மா வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டிக்கொண்டு வந்தாள். சுவரைப் பார்க்காதவள், வாழ்நாள் முழுக்க முகங்களையே பார்த்து, எந்த முகத்துக்குப் பின்னால் எந்த முகம் வர வேண்டும் என்று முடிவுசெய்தவள். ஐந்தாவது வரிசையின் ஓரத்தில் அவளுடைய கண் வந்து நின்றது.

அப்பாவுக்கு வைத்துக்கொள்ள ஒரு முகமும் அகப்படவில்லை. நனைந்த கன்னமும், இன்னும் முழுதாக மறையாத அந்தச் சிரிப்புமாக, இருந்த முகத்தோடு அவளைப் பார்த்தார்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒலிவாங்கி அவளுடைய வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. அவருடைய உள்ளங்கைக்கு அடியில் முள், விட்ட நேரத்தைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தது.